ஜன்னல் இல்லாத வார்டு

நான் படுத்திருந்த வார்டின் சுவர்கள் மஞ்சள் நிறம். கட்டிலுக்கு இடது பக்கம் பெரிய ஜன்னல். அதில் பச்சைக் கம்பிகள், கம்பிகளுக்கு அப்பால் கடல். ஜன்னலுக்குக் கீழே ஒரு தொட்டில். அதில் என் குழந்தை ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்குக் கேட்டாலும் இதையெல்லாம் அப்படியே சொல்வேன். ஆனால் அந்த வார்டில் ஜன்னலே கிடையாது. சுவர் மஞ்சளும் இல்லை. தொட்டிலும் இல்லை.

இது பேய்க்கதை இல்லை. எனக்கு வந்த நோயைப் பற்றியது. கர்ப்பமாக இருக்கும் சின்ன வயதுப் பெண்கள் கேட்கும்போது வாயால் பல முறை சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது அவசரத்தில் விட்டுப்போகிறவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள சந்தில் வளர்ந்தேன். அப்பா துறைமுகத்தில் சுமை தூக்கியவர். நான் பள்ளிக்கூடம் போகும்போதே இறந்துவிட்டார். அம்மா காசிமேட்டில் ஒரு கொட்டகையில் இறால் உரித்து என்னை வளர்த்தாள். பதினெட்டு வயது முடிந்த கையோடு நான் கோபியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டேன். கோபி திருவொற்றியூர்க் கரையோரக் குப்பத்துக்காரன், ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவன், என்னைவிட நான்கு வயது மூத்தவன். மதமும் வேறு, ஜாதியும் வேறு. துணிகளை எடுக்க நான் வீட்டுக்குப் போனபோது அம்மா வாசலை மறித்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட சேலை. "இனிமே என் கண்ணுல படாத" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

கர்ப்பமானது தெரிந்ததும் நான் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. வயதைக் கேட்பார்கள், கல்யாணப் பத்திரத்தைக் கேட்பார்கள், பதில் சரியில்லை என்றால் போலீசில் சொல்லிவிடுவார்கள் என்று குப்பத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். என் வயதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் பயம். வீட்டுக்குள்ளேயே இருந்தேன். அப்படி இருந்த என்னைத் தேடி வந்தவர்தான் மல்லிகா சிஸ்டர். எங்கள் பகுதி சுகாதார நிலையத்து நர்ஸ். தெருத்தெருவாக நடந்து கர்ப்பிணிகளைப் பார்ப்பது அவர் வேலை.

முதல் நாள் அவர் வந்து வாசலில் கிடந்த வலைக்குவியலின் மேல் உட்கார்ந்தார். வயதைக் கேட்கவில்லை. காலையில் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார். நான் கதவுக்குப் பின்னாலேயே நின்றேன்.

"நான் உன்னப் புடிச்சிக் குடுக்க வரலம்மா. உன் பிரஷரப் பாக்க வந்திருக்கேன். கையக் குடு."

கொடுத்தேன். அதன் பிறகு மாதாமாதம் போனேன். ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் பலரும் என் வயதுதான். சிலர் தாலியைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சிலரிடம் தாலி இருக்காது. மல்லிகா சிஸ்டர் எல்லாரிடமும் ஒரே குரலில்தான் பேசுவார்.

எட்டாம் மாதத்தில் என் கால் வீங்கியது. மோதிரம் கழலவில்லை. கர்ப்பத்தில் இதெல்லாம் சகஜம் என்று நினைத்தேன். இரண்டு செக்கப்புகளுக்கு நடுவில், ஒரு மதியம், தலைவலி வந்தது. நெற்றிக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்து மெதுவாகத் தட்டுகிற மாதிரி இருந்தது. வாசலில் அத்தை மீன் கழுவிக்கொண்டிருந்தார். அத்தை என்றால் கோபியின் அம்மா. நான் வானத்தைப் பார்த்தேன். மணலி எண்ணெய் ஆலைகள் இருக்கும் பக்கத்தில் வெள்ளையாகத் தீ எரிந்தது.

"அத்த, இன்னா பகல்லயே இவ்ளோ பெருசா எரியுது?"

அத்தை நிமிர்ந்து பார்த்தார். "எங்கடி எரியுது? ஒண்ணியும் காணோமே."

நான் தலையைத் திருப்பினேன். தீயும் என்னோடு திரும்பியது. சுவரில் எரிந்தது. அத்தையின் முகத்தில் எரிந்தது. கண்ணை மூடினேன், இமைக்குள்ளும் எரிந்தது.

அத்தை சூடு என்று நினைத்து மோர் கொடுத்தார். அதைக் குடித்ததும் நெஞ்சுக்குழிக்குக் கீழே பிடுங்குகிற மாதிரி வலித்தது, எல்லாம் வெளியே வந்துவிட்டது. வலை சரி செய்துகொண்டிருந்த கோபி ஓடி வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு மல்லிகா சிஸ்டருக்குப் போன் போட்டான்.

"சிஸ்டர், தலவலி தாங்கலன்றா. கண்ணுல நெருப்பு பறக்குதுன்னு சொல்லிகினுகீறா."

"வீட்டுல வெச்சிக்காத கோபி. உடனே வெளிய கூட்டிட்டு வா. ஆம்புலன்ஸுக்கு நான் சொல்றேன்."

ஆம்புலன்சில் ஏறியது நினைவிருக்கிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வால் தெரியாமல் நின்றிருந்தன. எங்கள் வண்டி இரண்டு லாரிகளுக்கு நடுவில் புகுந்ததும் கண்ணாடிக்கு வெளியே இருபக்கமும் இரும்புச் சுவராகிவிட்டது. அந்தச் சுவர்கள் மெதுவாக உள்ளே நெருங்கி வந்தன. கோபியிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அதோடு சரி. அந்தச் சொல்லை நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

அடுத்து நடந்ததை கோபிதான் சொன்னான். எனக்கு வலிப்பு வந்திருக்கிறது. கை கால் வெட்டி இழுத்து, நாக்கைக் கடித்து, வாயில் ரத்தம். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது இன்னொரு தடவை. கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் திடீரென்று ஏறி மூளையைத் தாக்கினால் இப்படி வலிப்பு வரும். தலைவலி, முகமும் கையும் வீங்குவது, கண்ணில் மின்னல், மேல்வயிற்று வலி, இவைதான் அதற்கு முன்னால் வரும் அறிகுறிகள். வயது குறைந்த பெண்களுக்கு, அதுவும் முதல் பிரசவத்தில், இது வரும் வாய்ப்பு அதிகம். வலிப்பை நிறுத்த ஊசி போட்டு, உடனே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்திருக்கிறார்கள். பெண் குழந்தை. எடை குறைவு என்பதால் மேல்மாடியில் குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

நான் கண் விழித்தது அந்த மஞ்சள் வார்டில்.

உடம்பெல்லாம் உள்ளுக்குள் சூடு ஓடியது. வலிப்புக்குப் போடும் மருந்து அப்படித்தான் செய்யும் என்று பிறகு சொன்னார்கள். யாரோ முழங்காலைத் தட்டிப் பார்த்தார்கள். பெயர் கேட்டார்கள், சொன்னேன். ஊர் கேட்டார்கள், சொன்னேன். "நல்லா பேசறா" என்று ஒரு குரல் நிம்மதியாகச் சொன்னது. கண் தெரிகிறதா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருந்தது? எனக்குத்தான் எல்லாம் தெரிந்ததே.

ஜன்னலுக்கு வெளியே கடலில் ஒரு படகு நின்றது. சாயங்கால வெளிச்சம். தொட்டிலில் குழந்தை, தலை நிறைய முடி. கட்டிலின் கால்பக்கம் அம்மா நின்றிருந்தாள். நீலச் சேலை, வெள்ளைப் புள்ளி. கையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எப்பம்மா வந்த?" என்றேன்.

அவள் பேசவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கோபி வந்தான். இடது பக்கம் ஜன்னலோரமாக வந்து நின்றான். ஆனால் அவன் குரல் வலது பக்கமிருந்து வந்தது. "ஸ்டெல்லா, இன்னாடி, வலிக்குதா?" நான் அவன் முகத்தைப் பார்த்தேன். உதடு அசையவில்லை. மூடிய வாயோடு அவன் இடப்பக்கம் நிற்க, வலப்பக்கத்துக் காற்று என் கையைப் பிடித்தது.

"அம்மா ரொம்ப நேரமா நின்னுகினே கீது. ஒரு ஸ்டூல் போடு" என்றேன்.

கையைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின. "எந்த அம்மா?"

மருந்து மயக்கத்தில் உளறுகிறேன் என்று நினைத்து அவன் பேசாமல் போய்விட்டான். நான் மறுபடி தூங்கி, மறுபடி விழித்தேன். அதே சாயங்காலம். அதே படகு, அதே இடத்தில். அம்மா அதே மாதிரி நின்றாள். எத்தனை முறை தூங்கி விழித்தாலும் அந்த வார்டில் பொழுது நகரவே இல்லை. சாப்பாட்டு வண்டி வரும் சத்தம் கேட்கும், வண்டி தெரியாது. பக்கத்துக் கட்டில் பெண் முனகுவது கேட்கும், அந்தக் கட்டில் விரிப்புக் கசங்காமல் காலியாக இருக்கும். நான் பயப்படவில்லை என்பதுதான் இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது. எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே நினைத்தேன்.

ஒன்று மட்டும் உறுத்தியது. குழந்தை அழவே இல்லை. யாரும் அதைத் தூக்கவும் இல்லை. மார்பு கல்லாகக் கட்டி வலித்தது.

"சிஸ்டர், பால் குடுக்கணும். கொயந்தையக் குடுங்க" என்றேன்.

வார்டு நர்சின் குரல், "பாப்பா மேல இருக்கும்மா. பால் எடுத்துக் குடு, அனுப்பறோம்" என்றது.

"மேல இல்ல. தோ, தொட்டில்லதான கீது."

அவர் காலடிச் சத்தம் தள்ளிப் போயிற்று. அவருக்கு வேலை இருந்திருக்கும். நான் தையல் வலியோடு ஒருக்களித்து, கையை நீட்டி, குழந்தையின் முதுகைத் தொட்டேன்.

குளிர்ச்சியாக இருந்தது. கடினமாக இருந்தது. உள்ளங்கையில் சுவரின் சொரசொரப்பு. விரல்களை விரித்துத் தடவினேன். மேலேயும் சுவர், கீழேயும் சுவர். அப்போதும் என் கண் முன்னால் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. முதுகு மெல்ல ஏறி இறங்கியது. கை சுவரில் இருந்தது, கண் தொட்டிலில் இருந்தது. இரண்டும் என்னுடையவைதான்.

நான் போட்ட கூச்சல் கீழ்த்தளம் வரை கேட்டதாகச் சொன்னார்கள்.

ஒரு பெண் டாக்டர் ஓடி வந்தார். குரலில் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராகத் தெரிந்தார். என் தோளைப் பிடித்து உட்கார வைத்து, மூச்சு சீராகும் வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்:

"ஸ்டெல்லா, என் கையில இருக்கிற பேனா என்ன கலர்?"

"செவப்பு."

"இப்ப எத்தனை விரல் காட்டறேன்?"

"மூணு."

அவர் என் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்தார். காலியாக இருந்தது. "என் கையில பேனா இல்லம்மா. விரலும் காட்டல. உனக்குக் கண்ணு தெரியல."

நான் சிரித்தேன் என்று கோபி சொல்கிறான். எனக்கு அது நினைவில்லை.

ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு குழாய்க்குள் படுக்க வைத்தார்கள். உள்ளே இரும்பை அறுக்கிற மாதிரி சத்தம், ஆனால் என் கண்ணுக்கு அப்போதும் ஜன்னலும் கடலும் படகும். திரும்பி வந்ததும் டாக்டர் கட்டிலில் உட்கார்ந்து சொன்னார். என் கண்ணில் கோளாறு ஒன்றுமில்லை. கண் பார்ப்பதை வாங்கிப் புரிந்துகொள்ளும் இடம் மூளையின் பின்பக்கத்தில் இருக்கிறது. ரத்த அழுத்தத்தால் அந்த இடம் வீங்கிப்போயிருக்கிறது. அதற்கு வெளியிலிருந்து சேதி வரவில்லை, ஆனால் சும்மா இருக்கவும் தெரியவில்லை. தானாக இட்டுக்கட்டிக் காட்டுகிறது. "வீக்கம் வடியும். பெரும்பாலும் பார்வை திரும்ப வந்துடும்" என்றார்.

பெரும்பாலும் என்ற சொல்லை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அது பயத்தையும் கொடுத்தது, தெம்பையும் கொடுத்தது.

வார்டு வாசலில் அத்தை அழுதது கேட்டது. "அந்தக் கல்லுமேல போயி குந்தாதன்னு தலப்பாடா அட்ச்சிகினேன். காத்து புடிச்சிருச்சிடா. எல்லையம்மன் கோயிலாண்ட இட்டுகினு போலாம், மந்திரிச்சிடலாம்." கடல் அரிப்பைத் தடுக்கக் கரையில் கொட்டியிருக்கும் பாறைகளில் நான் மாலை நேரங்களில் உட்கார்ந்திருப்பேன். அதைச் சொல்கிறார். கோபி எதிர்த்துப் பேசவில்லை. அவனுக்கும் இருபத்துமூன்று வயதுகூட ஆகவில்லை. அம்மா சொல்வதா டாக்டர் சொல்வதா என்று தெரியாமல், "இன்னாமா பண்றது, இன்னாமா பண்றது" என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்த நேரத்தில்தான் மல்லிகா சிஸ்டர் வந்தார். பிரசவம் ஆனவர்களைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று அவருக்குக் கட்டாயம் எதுவும் இல்லை. வந்தார். அத்தையை அதட்டவில்லை.

"வேப்பிலை வெக்கணுமா, வெச்சிக்கங்கம்மா. எலுமிச்சம்பழம் வெக்கணுமா, தலகாணிக்கு அடியில வையுங்க. ஆனா இங்கருந்து கூட்டிட்டுப் போனீங்கன்னா மறுபடி வலிப்பு வரும். வந்தா பொண்ணு பொழைக்காது. மந்திரிக்கிறவர வேணும்னா வீட்டுக்குப் போனப்புறம் வரச்சொல்லுங்க."

அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எலுமிச்சம்பயம் வெக்கலாமா?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து என் தலையணைக்கடியில் ஒரு எலுமிச்சை இருந்தது. அந்த வாசனை எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு சிஸ்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உனக்கு என்ன தெரியுது? சொல்லு."

அதுவரை எல்லாரும் எனக்கு என்ன தெரியவில்லை என்றுதான் கேட்டார்கள். நான் ஜன்னலைச் சொன்னேன், படகைச் சொன்னேன், தொட்டிலைச் சொன்னேன். கால்பக்கம் அம்மா நிற்பதைச் சொன்னேன். "இல்லன்னு தெரியுது சிஸ்டர். ஆனா நின்னுகினே கீறா. பேசமாட்றா."

சிஸ்டர் கோபியிடம் திரும்பினார். "அவங்க அம்மாவுக்குச் சொன்னியா?"

கோபி தயங்கினான். "அட்மிட் பண்ண அன்னிக்கே சொல்லிட்டேன் சிஸ்டர். அப்பவே வந்துட்டாங்க. மேல வரமாட்டேன்னுட்டாங்க. கீய, கூட வர்றவங்க குந்துற ஷெட்டுலயே குந்திகினுகீறாங்க. கொயந்தையக்கூட பாக்கல. நான் டீ வாங்கிக் குடுத்தா வாங்கிக்கிறாங்க, பேசமாட்றாங்க."

நான் மேலே அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவள் கீழே உட்கார்ந்திருக்கிறாள். இதைக் கேட்டபோதுதான் முதல் முறையாக எனக்குக் குளிர்ந்தது.

சிஸ்டர் கீழே போனார். என்ன பேசினார் என்று இருவருமே இன்றுவரை சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் செருப்புச் சத்தம் வந்து கட்டிலருகே நின்றது. ஒரு கை என் நெற்றியில் விழுந்தது. நான் கால்பக்கம் பார்த்தேன். அம்மா அங்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அப்படியென்றால் நெற்றியில் இருப்பது யார் கை?

தலையை உதறினேன். "யாரு? கைய எடு."

"நான்தாண்டி."

"நீ இல்ல. எங்கம்மா அங்க நிக்கிது."

மூச்சை இழுத்துப் பிடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அந்தக் கை என் கையைத் தேடி எடுத்துத் தன் விரல்களின் மேல் வைத்தது. இறால் ஓடு கீறிக் கீறி வெடித்த விரல் நுனிகள். ஐஸில் ஊறிச் சுருங்கிய தோல். சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாத கவிச்சி. ஆள்காட்டி விரலில் நகம் பிளந்திருந்தது. சிறுவயதில் அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவேன்.

"அங்க நிக்கிறது யாருடி?" என்று அம்மா கேட்டாள்.

"நீதான்."

"இன்னா பண்றேன்?"

"கையக் கட்டிகினு மொறச்சிகினு நிக்கிற."

அம்மா என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். பிறகு, "அவள விட்டுத்தள்ளு. அவ அப்படியே நிக்கட்டும். நான் இங்க கீறேன்" என்றாள்.

அந்த உருவம் உடனே போய்விடவில்லை. அதற்குப் பிறகும் நின்றது. ஆனால் அம்மா என் தலைமாட்டில் உட்கார்ந்து எனக்கு அந்த வார்டைச் சொல்ல ஆரம்பித்தாள். சுவர் பச்சை. ஜன்னல் இல்லை. மேலே டியூப்லைட், ஒரு மின்விசிறி. பக்கத்துக் கட்டிலில் ஒரு பொண்ணு, உன் வயசுதான், போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறாள். எதிர்க்கட்டிலில் ஒரு பொண்ணு, அவள் புருஷன் வெளியே நின்று கதவுக் கண்ணாடி வழியாகக் கையாட்டிக்கொண்டிருக்கிறான். நான் கண்ணை மூடிக்கொண்டு அம்மாவின் வார்டில் படுத்துப் பழகினேன். கண்ணைத் திறந்தால் மஞ்சள், மூடினால் பச்சை. மூடியிருப்பதே நல்லது என்று தோன்றியது.

பால் பீய்ச்சிச் சின்னக் கிண்ணத்தில் கொடுப்பேன். அம்மாதான் மேல்மாடிக்கு எடுத்துப் போவாள். திரும்பி வந்து குழந்தையைச் சொல்வாள். "காது உன்னாட்டம். கட்டவெரல உள்ள வெச்சி மூடிக்கிறா. கோபியாட்டம் புருவம்." கோபி என்று அவள் பெயர் சொன்னதை முதல் முறை அப்போதுதான் கேட்டேன். அத்தை குப்பத்திலிருந்து மீன் குழம்பு கொண்டுவந்தால் இருவரும் ஒரே தட்டில் பிசைந்து சாப்பிட்டார்கள். உப்புக் குறைவு என்று அம்மாவும், நோயாளிக்கு உப்பு ஆகாது என்று அத்தையும் சண்டை போட்டார்கள்.

பார்வை ஒரேயடியாக வரவில்லை. முதலில் வந்தது அசைவு. ஒரு காலை மேலே ஏதோ சுழன்றது. சத்தத்தை வைத்து மின்விசிறி என்று புரிந்தது. பிறகு மஞ்சள் சுவர் ஈரம் பட்ட சுண்ணாம்பு மாதிரி அங்கங்கே கரைந்து, அடியிலிருந்து பச்சை தெரிந்தது. தொட்டில் ஒரு தூக்கத்துக்கும் அடுத்த தூக்கத்துக்கும் நடுவில் காணாமல் போயிற்று. ஜன்னல்தான் கடைசி வரை இருந்தது. கால்பக்கம் நின்றவளின் முகம் மெதுவாக அழிந்தது. முகம் இல்லாமலும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பார்த்தால் அங்கே குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் கம்பி. என் தலைமாட்டில் இருந்த அம்மாவுக்கு முன்நெற்றி முடி நரைத்திருந்தது. அவள் கட்டியிருந்தது பழுப்புச் சேலை. அவளைப் பார்த்து நான் அழுதேன். "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டுக்கொண்டே அவளும் அழுதாள்.

சக்கர நாற்காலியில் மேல்மாடிக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் என் மகள். மூக்கில் குழாய், கோழிக்குஞ்சு மாதிரிக் கால்கள், தலையில் முடியே இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்த குழந்தை இது இல்லை. அதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். ஆனால் மல்லிகா சிஸ்டர் அடுத்த முறை வந்தபோது சொல்லிவிட்டேன்.

"எனக்கு அந்தக் கொயந்த ஞாபகமாவே கீது சிஸ்டர். இத தூக்கினா அது அழுவுமோன்னு தோணுது."

சிஸ்டர் அதிர்ச்சி அடையவில்லை. "தோணும். பயந்துபோன மனசு அப்படித்தான். இதையும் டாக்டர்கிட்ட சொல்லலாம், தப்பில்ல. இப்ப உன் பொண்ண நெஞ்சோட வெச்சிக்கோ."

குறைமாதக் குழந்தையைத் துணியில்லாமல் தாயின் வெறும் மார்போடு அணைத்துக் கட்டி வைப்பார்கள். உடம்புச் சூட்டில் அது வளரும். தந்தையும் செய்யலாம். கோபி முதலில் மாட்டேன் என்றான். "உடஞ்சிடப்போதுபா" என்று பின்வாங்கினான். நர்ஸ் அவன் சட்டைப் பித்தானைக் கழற்றச் சொல்லி, நாற்காலியில் சாய வைத்து, குழந்தையை அவன் மார்பில் வைத்துக் கட்டினார். கடலில் வலை இழுக்கிற ஆள், மூச்சுவிடக்கூட பயந்து சிலையாக உட்கார்ந்திருந்தான். குழந்தை அவன் மார்பில் எச்சில் வடித்தது. "ஸ்டெல்லா, இது சூடா கீதுடி" என்றான், பெரிய ரகசியத்தைச் சொல்கிற மாதிரி. நான் கையை நீட்டி அதன் முதுகைத் தொட்டேன். சூடாகத்தான் இருந்தது. மெதுவாக ஏறி இறங்கியது.

வீட்டுக்கு வந்த பிறகும் பல வாரம் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டேன். மல்லிகா சிஸ்டர் வந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்து கர்ப்பமானால் தொடக்கத்திலேயே வரச் சொன்னார், இது மறுபடி வராமல் தடுக்க மாத்திரை உண்டு என்றார். அடுத்தது இப்போது வேண்டாம் என்பதற்கும் வழி சொன்னார். அத்தை மந்திரிக்கிறவரையும் அழைத்துவந்தார். அவர் விபூதி பூசி, குழந்தைக்கு ஒரு கயிறு கட்டிவிட்டு, "பாப்பா நல்லா கீது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது என் மகள் நடக்கிறாள். கர்ப்பிணிகள் வரும் நாட்களில் சுகாதார நிலையத்துக்குப் போய், வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் பேசுகிறேன். சில பேர் கேட்பார்கள், சில பேர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்படி ஒரு நாள் கடைசி பெஞ்சில் நந்தினி உட்கார்ந்திருந்தாள். எண்ணூர்ப் பக்கம். அப்போது எனக்கு இருந்த வயதுதான். துணைக்கு யாரும் இல்லை. நான் பேசி முடித்ததும் மெதுவாக என் முந்தானையைப் பிடித்து, "அக்கா, எனக்கும் கண்ணுல மின்னுதுக்கா. நேத்துலருந்து" என்றாள். முகம் வீங்கியிருந்தது.

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மல்லிகா சிஸ்டரிடம் போனேன். பிரஷர் கருவியில் வந்த அளவைப் பார்த்ததும் சிஸ்டர் பேச்சை நிறுத்திவிட்டு ஊசியை எடுத்தார். ஆம்புலன்ஸ் வந்தது. அவள் புருஷன் போனை எடுக்கவில்லை. என் மகளைக் கூட வந்திருந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு நான் வண்டியில் ஏறினேன். நந்தினிக்கு வலிப்பு வராமல் காப்பாற்றிவிட்டார்கள். பையன் பிறந்தான், இருவரும் நலம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆனால் வண்டிக்குள் இருந்தபோது எனக்கு இது தெரியாது.

லாரிகளுக்கு நடுவில் வண்டி ஊர்ந்தது. நந்தினி ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி பின்கதவுப் பக்கம் இருந்த சின்ன இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு மடித்த போர்வை மட்டும் இருந்தது.

"அக்கா, அந்த ஆளு யாரு? ஏறும்போது காணமே."

எங்களோடு பின்னால் உட்கார்ந்திருந்த ஆம்புலன்ஸ்காரர் என்னைப் பார்த்தார்.

"நனஞ்சிபோயி குந்திகினுகீறாரு. தண்ணி சொட்டுது" என்றாள்.

யாருமில்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவள் கன்னத்தைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

"எனக்குத் தெரியல நந்தினி. ஆனா உனக்குத் தெரியுதுன்னு எனக்குத் தெரியும். அது நோவு காட்றது. அவரப் பாக்காத. என் கையப் புடிச்சிப் பாரு. எப்படி கீது?"

"சூடா கீதுக்கா."

"அப்ப இத நம்பு. உடாத."

ஆம்புலன்ஸ்காரர் முன்பக்கம் தட்டி, சீக்கிரம் போகச் சொன்னார். நந்தினியின் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது. "அவரும் நம்ம கூட எறங்குவாராக்கா?" என்று கேட்டாள்.

"எறங்கமாட்டாரு. நாம ரெண்டு பேருதான் எறங்குவோம்."

வண்டி ஆஸ்பத்திரி வாசலில் நின்று கதவு திறந்தது. ஸ்ட்ரெச்சரை இழுத்தார்கள். அவள் கையை விடாமல் நானும் இறங்கினேன். அந்த இருக்கைப் பக்கம் நான் திரும்பிப் பார்க்கவில்லை.